கண்ணாடிக் கட்டடத்தில் ஓர் ஈரத்துணி

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு நான் பேனா எடுத்ததெல்லாம் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறித்து வைக்கத்தான். ஞாபகமும் முன்போல் இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கேட்டால் எனக்கு வாய் திறக்காது. காகிதம் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதத் துணிந்தேன்.

நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனது என் வீட்டுக்காரர் காலமான பிறகுதான். எங்கள் தங்க வயலில் சுரங்கத்தை மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில்தான் குடியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். மாரிக்குப்பத்தில் ஏறி உட்கார்ந்தால் கீரை ஆய்கிறவர்கள் ஒரு பக்கம், வாயைத் திறந்து தூங்குகிறவர்கள் ஒரு பக்கம், நேற்று விட்ட சண்டையை இன்று தொடர்கிறவர்கள் ஒரு பக்கம். வைட்ஃபீல்டில் இறங்கினால் கம்பெனி வேன் நிற்கும். என்னோடு ஆண்டர்சன்பேட்டைக்காரி ஒருத்தி வருவாள். என்னைவிட வயதில் சின்னவள். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

வேலை என்றால் துடைப்பது, பெருக்குவது, குப்பைக்கூடை மாற்றுவது. கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் இலைப் படம் போட்ட ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதைத் தினமும் பளபளவென்று துடைக்க வேண்டும். இது பசுமைக் கட்டடம் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார். அவர் கன்னடக்காரர், தமிழும் கலந்து பேசுவார். கரண்டு, தண்ணீர் எல்லாம் குறைவாகச் செலவாகுமாம். உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நல்ல காற்றும் நல்ல வெளிச்சமும் கிடைக்கும்படி கட்டியிருக்கிறார்களாம்.

அவர் சொன்னது பொய்யில்லை. மேல் மாடிகளில் எங்கே உட்கார்ந்தாலும் வானம் தெரியும். வெயில் ஏறினால் விளக்குகள் தாமாகவே மங்கிக்கொள்ளும். மேஜைக்கு மேஜை தொட்டிச் செடி. ஒரு ஜன்னலும் திறக்காது, ஆனாலும் மூச்சு முட்டாது. வெளிக்காற்றை வடிகட்டி, எத்தனை பேருக்கு எவ்வளவு என்று கணக்காக உள்ளே விடுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாங்கள் தரை துடைக்கும் திரவத்திலும் வாசனை இருக்காது. பினாயில் நெடி மூக்குக்கு ஆகாது என்று அதை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை மாட்டியிருந்தது. அதில் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று பொத்தான்கள். காற்று, குளிர், வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கே வேலை செய்கிறவர்கள் போகும்போது அழுத்திவிட்டுப் போவார்கள். அதைத் துடைப்பது எனக்குப் பெரிய கண்டம். ஒரு நாள் விரல் அடையாளம் போகவில்லை என்று நான் அழுத்தித் தேய்த்ததில், அழுகிற முகம் ஏகப்பட்ட தடவை பதிவாகிவிட்டது. மூன்றாவது மாடியில் யாருக்கு என்ன குறை என்று சூப்பர்வைசர் ஓடி வந்து ஒவ்வொருவராக விசாரித்தார். நான் செடிக்குப் பின்னால் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கென்று கீழே ஒரு அறை இருந்தது. கார் நிறுத்தும் தளத்தின் மூலையில். வாளி, மாப்பு, திரவக் கேன் எல்லாம் அங்கேதான் வைப்போம். புடவை மாற்றி யூனிபாரம் போடுவதும், டிபன் சாப்பிடுவதும், கால் நீட்டுவதும் அங்கேதான். குறை சொல்ல மாட்டேன். சுத்தமான அறை. உட்கார நீள பெஞ்சு உண்டு. அந்த பெஞ்சுக்கு நேர் மேலே, சுவரில், காற்று வருவதற்குக் கம்பி போட்ட ஒரு சதுரத் தகடு. அதிலிருந்து சில்லென்று காற்று எங்கள் பிடரியில் இறங்கும். சாப்பிட்டு முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதோடு, அந்தத் தகட்டைச் சுற்றிச் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் படிந்திருந்தது.

“தூசுக்கா. இதுல இருந்துதான் கொட்டுது பாரு” என்றாள் ஆண்டர்சன்பேட்டைக்காரி.

தூசு என்றதும் எங்களுக்கு என்ன தோன்றும் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை எங்கள் ஊரில் மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்போம். ஆடிக் காற்று அடித்தால் அந்த மேடு எழுந்து ஊருக்குள் வரும். சோற்றில் இருக்கும், தண்ணீர்க் குடத்தில் இருக்கும், காலையில் எழுந்தால் இமையில் இருக்கும். அதனால் காற்று கிளம்பியதும் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் பெண்கள் முதலில் செய்வது, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து நனைத்து, ஜன்னலிலும் ஓட்டு இடுக்கிலும் கட்டுவதுதான். தூசு துணியில் ஒட்டிக்கொள்ளும். துணி காயக் காய நனைக்க வேண்டும். என் அம்மா கட்டினாள், நான் கட்டினேன், கல்யாணமாகிப் போகும்வரை என் மகளும் கட்டினாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் அந்தத் தகட்டுக்கும் அப்படியே செய்தோம். அவள் வீட்டிலிருந்து புடவைத் துண்டு கொண்டுவந்தாள். நான் ஸ்டூலில் ஏறிக் கம்பிகளுக்கு நடுவே செருகிக் கட்டினேன். தினமும் காலையில் யூனிபாரம் போட்டதும் முதல் வேலையாக அதை நனைத்துவிடுவேன். பிடரியில் குளிரும் விழவில்லை. அறை வீடு மாதிரி ஆகிவிட்டது என்று எங்களுக்கு ஒரே திருப்தி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாசனை இல்லாத திரவத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. “தண்ணிய ஊத்தித் தண்ணியத் தொடைக்கிற மாதிரி கீது” என்பாள். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் விற்கும் கெட்டிப் பினாயிலைப் பாட்டிலில் கொண்டுவந்து பெஞ்சடியில் வைத்திருந்தாள். மேல் மாடியில் தொடமாட்டாள். எங்கள் அறையை மட்டும் அதில்தான் துடைப்பாள். அறை மணக்க வேண்டுமாம்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை. முதலில் தொண்டையில் உமி ஒட்டியது போல ஒரு அரிப்பு. அப்புறம் மத்தியானம் சாப்பிட்டால் தலை கனக்கும். பிறகு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு என் வீட்டுக்காரர் கதையைச் சொல்ல வேண்டும்.

அவர் சுரங்கத்தில் கீழ் லெவலில் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தால் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வருவார். மிச்சத் தூசு சட்டையோடு வீட்டுக்கு வரும். அந்தச் சட்டைகளை உதறித் துவைத்தவள் நான். சுரங்கம் மூடி வருஷங்கள் போன பிறகு அவருக்கு இருமல் வந்தது. உமி ஒட்டிய மாதிரி இருக்குது என்றுதான் அவரும் முதலில் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சிலிகோசிஸ் என்றார்கள். பாறைத்தூசு நுரையீரலில் படிந்துவிட்டது, எடுக்க முடியாது என்று டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பில் மாவு சலித்தது போல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் பிலிமை வீட்டில் புத்தர் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். அவர் எப்போதாவது எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். “பூமிக்கடில இருந்ததுல என் பங்கு இவ்ளோதான் கெடச்சிது” என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வந்துவிடும்.

அதனால் எனக்கு இருமல் வந்ததும் நான் வேறெதுவும் நினைக்கவில்லை. சட்டையை உதறியதில் வந்தது, மேட்டுக் காற்றில் வந்தது, இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்திருந்து இப்போது எழுந்திருக்கிறது என்று தீர்மானித்துவிட்டேன். டாக்டரிடம் போனால் அந்தப் பிலிமைத்தான் காட்டுவார். போகாமல் இருக்கும்வரை அது இல்லை. அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

இருமல் கூடக் கூட நான் என்ன செய்தேன் தெரியுமா? தூசு கூடாதே என்று தகட்டில் இன்னொரு துணி கட்டினேன். காலையில் மட்டும் நனைத்தவள் மத்தியானமும் நனைத்தேன்.

ஒரு நாள் ரயிலில் வண்டி கிளம்பும் முன்பே எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எதிர் சீட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

“இன்னாக்கா, ரயிலு ஊதுறதுக்கு முன்னாடி நீ ஊதுற?” என்றாள் ஆண்டர்சன்பேட்டைக்காரி.

“தொண்ட வறண்டு கீது. வேற ஒண்ணுமில்ல.”

“எத்தினி நாளா வறண்டு கீது! பேத்தமங்களா ஏரியத் தொறந்து வுட்டாலும் ஒந்தொண்ட நனையாது போலகீதே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கமாகக் குனிந்து, “மாமாவ மனசுல வச்சினு பயப்படுறியா?” என்று கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தன் பையிலிருந்து வெந்நீர் பிளாஸ்கை எடுத்து என் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து மாடிப்படி துடைக்கும் வேலையை என்னிடம் கேட்காமலே அவள் எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில், கட்டடத்துக் காற்றைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். என் மகளைவிடச் சின்ன வயது. தோளில் பை, காலில் கான்வாஸ் ஷூ. அம்மா வழியில் தமிழாம், ஆனால் பேச்சில் கன்னடமும் இங்கிலீஷும்தான் அதிகம். ஒவ்வொரு மாடியிலும் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தாள். காற்று நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும், சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. மேலே எல்லா மாடியிலும் பச்சைதான். வேலை முடிந்து கீழே வந்தவள், எங்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

“இது என்ன ரூம்?” என்று சூப்பர்வைசரைக் கேட்டாள்.

“ஸ்டோர் மேடம்.”

“உள்ள ஆள் இருக்காங்களே.”

“அவங்க ஹவுஸ்கீப்பிங். டிபன் டைமுக்கு உக்காருவாங்க.”

“அப்ப இங்கயும் ஒண்ணு வெக்கணும்” என்று பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெட்டியைப் பார்த்ததும் ஆண்டர்சன்பேட்டைக்காரிக்குச் சந்தேகம். அது காற்றுப் பார்க்க இல்லை, நாங்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். உடனே டிபன் பாக்ஸை மூடிவிட்டு, பெட்டிக்குக் கேட்கும்படி உரக்க, “நம்ம சூப்ரவைசர் சாரு மாதிரி வருமாக்கா? தங்கம்! சொக்கத் தங்கம்!” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மஞ்சளாக இருந்த விளக்கு சிவப்பாகிவிட்டது.

“அய்ய, பொய்யக் கண்டுபுடிச்சிருச்சிக்கா!”

எனக்குச் சிரிப்பில் இருமல், இருமலில் கண்ணீர். ஆனால் அந்தச் சிவப்பு அணையவே இல்லை. மறுநாளும் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சிவப்பு.

பெட்டி வைத்த பெண்ணுக்கு அது போனிலேயே தெரிந்திருக்கிறது. அதற்கு மறுநாளே வந்துவிட்டாள். கூடச் சூப்பர்வைசரும். அறை நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினாள். குனிந்து பினாயில் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தகட்டைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, அது என்ன?”

“துணிம்மா” என்றாள் ஆண்டர்சன்பேட்டைக்காரி.

“துணின்னு தெரியுது. அங்க ஏன் இருக்கு?”

“தூசி வராத இருக்கறதுக்கு.”

“எந்தத் தூசி?”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஊரில் ஏது மேடு? அவள்தான் சொன்னாள். “எங்க ஊருத் தூசி.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, தானே ஸ்டூலில் ஏறித் துணியை இழுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாகத் துணி வந்தது. கடைசித் துணியின் பின்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. மூடிய அலமாரியில் மறந்துபோன ஈரப் பாவாடையின் நாற்றம். எனக்கு அந்த நாற்றம் புதிதில்லை. தினமும் நனைக்கும்போது முகத்தில் அடித்ததுதான், பினாயிலோடு கலந்திருந்ததால் கண்டுகொள்ளவில்லை. துணி விலகியதும் தகட்டிலிருந்து காற்று குபுக்கென்று இறங்கியது. சுவரிலிருந்த காலண்டர் படபடத்தது.

“ஏனம்மா இது!” என்று சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். “ஏசிக்குப் போயி யாராவது துணி கட்டுவாங்களா? பினாயில் வேற! நான் மேல என்ன பதில் சொல்றது?”

வேலை போச்சு என்று நினைத்தேன். ஆண்டர்சன்பேட்டைக்காரி பயப்படவில்லை.

“கழுத்து புடிச்சிக்குது சார். நேரா தலமேல கொட்டுது. மேல இருக்கறவங்களுக்கு மூஞ்சி பொம்ம வச்சி, குளிருதா, வேர்க்குதான்னு கேக்குறீங்கோ. எங்கள இன்னான்னு கேட்டீங்களா?”

அவர் பெஞ்சைப் பார்த்தார். பிறகு போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காற்று அவர் பிடரியில் விழுந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

“ஆமாம்மா, கஷ்டா” என்றார் மெதுவாக.

அந்தப் பெண் எங்களிடம் விளக்கினாள். ஆட்கள் விடும் மூச்சே ஒரு மூடிய அறையில் தேங்கினால் தலை கனக்கும், தூக்கம் வரும். பெட்டி முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். அதோடு பினாயில் ஆவி, ஈரத்துணியின் பூசணம், எல்லாவற்றையும் நாங்கள் மூச்சில் இழுத்திருக்கிறோம். தகட்டைச் சுற்றியிருந்த கறுப்பு, காற்று சுவரை உரசிப் போவதில் நாளாவட்டத்தில் படிகிற அழுக்கு, துடைத்தால் போய்விடும் என்றாள். பிறகு, “இங்க யாருக்காவது தலைவலி, இருமல் இருக்கா?” என்று கேட்டாள்.

ஆண்டர்சன்பேட்டைக்காரி கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

“எப்பவும் இருக்குமா ஆன்ட்டி? சண்டே வீட்ல இருக்கறப்போ?”

நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பேன், இட்லிக்கு அரைப்பேன், சர்ச்சுப் பக்கம் மீன் வாங்க நடந்து போவேன். எங்கேயும் நின்று மூச்சு வாங்கிய நினைவு வரவில்லை. ஓய்வாக இருப்பதால் என்று நினைத்திருந்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றியதில்லை.

“கம்மி” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு வேர்த்துவிட்டது.

“அப்ப பாதி பயம் வேண்டாம். ஆனா டாக்டர் கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க” என்றாள்.

பேசிக்கொண்டிருந்தபோதே ஆண்டர்சன்பேட்டைக்காரி என் விலாவில் இடித்தாள். பெட்டியில் சிவப்பு போய் மஞ்சள் வந்திருந்தது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். குடித்து முடிப்பதற்குள் பச்சை. சுரங்கத்துக்குள் காற்றுக்கென்றே கதவுகள் உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எதைத் திறக்க வேண்டும், எதைச் சாத்த வேண்டும் என்று கணக்கு இருக்குமாம். ஒன்றை மாற்றிச் சாத்தினால் எங்கேயோ தூரத்தில் வேலை செய்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்குமாம். அதைக் கேட்டுக்கேட்டுச் சமைத்தவள் நான். ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஜன்னலும் துணியும்தான் நினைவுக்கு வந்தன.

ஆனால் எனக்கு அந்தப் பச்சை விளக்கு போதவில்லை. பாதி பயம் வேண்டாம் என்றால் மீதிப் பாதி? அன்று ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். துணியை எடுத்தாகிவிட்டது. சரியாகாவிட்டால், நெஞ்சில் இருப்பது அதுதான் என்று அர்த்தம். ஒரு வாரம் பார்த்தேன். தலைக்கனம் போய்விட்டது. இருமல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. குறைந்ததே என்று ஒரு மனம் சந்தோஷப்படும், நிற்கவில்லையே என்று இன்னொன்று இழுக்கும்.

கடைசியில் ஆண்டர்சன்பேட்டைக்காரியே என் மகளுக்குப் போன் செய்துவிட்டாள். மகள் பங்காரப்பேட்டையிலிருந்து வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னாமா நீ? இத்தினி நாளு சொல்லாத வச்சினு கீற?”

“சொன்னா நீ அழுவ.”

“இப்ப மட்டும் சிரிச்சினா கீறேன்? கெளம்பு, பொடவ மாத்து.”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினின் கறுப்புப் பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்ததும் இருமல் வந்தது. மறுபடி இழுக்கச் சொன்னார்கள். பிறகு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் எதிர்ச் சுவரில் பல்லி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் புத்தர் படத்துக்குப் பின்னால் இன்னொரு பிலிமுக்கு இடம் இருக்கிறதா என்றுகூட யோசித்தேன். மனசு எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

கூப்பிட்டார்கள். டாக்டர் வயதானவர். எங்கள் ஊர்க்காரர்கள் நெஞ்சை நிறையப் பார்த்தவர். பிலிமை விளக்குப் பலகையில் செருகினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பாரும்மா” என்றார்.

“நீங்களே சொல்லுங்க ஐயா.”

“நீயே பாரு. உனக்குத் தெரியும்.”

நிமிர்ந்தேன். கறுப்பு. விலா எலும்புகள், நடுவில் இதயம் இருக்கும் வெளுப்பு. மற்றபடி வெறும் கறுப்பு. மாவு இல்லை. நான் எழுந்து கிட்டப் போய், விரலால் தொடாமல், மேலிருந்து கீழாகப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

“மூச்சுக் குழாய் கொஞ்சம் புண்ணாயிருக்கு. பூசணமும் நெடியும் பண்ணின வேலை. மருந்து தர்றேன், போயிடும். தூசு நோய் இல்ல.”

என் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்பப் பசித்தது. வெளியே வந்ததும் எதிரில் இருந்த ஓட்டலில் பூரி கேட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இன்னொரு தட்டு பூரி கேட்டேன். எண்ணெய்ப் பலகாரம் இருமலுக்கு ஆகாது என்று அவளும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ரயிலில் அந்தப் பிலிமைக் கொண்டு போனேன். ஆண்டர்சன்பேட்டைக்காரி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, ஒண்ணுமே காணோம்? காலி வூடா கீது!”

“ஆமா. வாடகைக்கு வர்றியா?”

நான் பதிலுக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்காட்டுகிறாள். எதிர் சீட்டுப் பெண்களும் ஒருவர் மாற்றி ஒருவர் பிலிமை வாங்கிப் பார்த்தார்கள். அவரவர் வீட்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளிப் பிலிம் இருந்திருக்கும். அதனால் யாரும் கிண்டல் செய்யவில்லை. ஒரு கிழவி மட்டும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள்.

எங்கள் அறை மாறியிருந்தது. பெஞ்சை எதிர்ச் சுவருக்குத் தள்ளியிருந்தார்கள். தகட்டுக்குக் கீழே ஒரு தட்டு பொருத்தியிருந்தார்கள், காற்று மேலே போய்ப் பரவி இறங்கும்படி. திரவக் கேன்களுக்குத் தனியாக வெளியே ஒரு அலமாரி. பினாயில் பாட்டிலை ஆண்டர்சன்பேட்டைக்காரி மானத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போனாள். எங்களைப் பற்றி மேலே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை போகவில்லை. சூப்பர்வைசர் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, “காத்து பருத்தா?” என்று கேட்க ஆரம்பித்தார். காற்று வருகிறதா என்று கேட்கிறார். வருகிறது என்று நான் தலையாட்டுவேன்.

எங்கள் கதவுக்குப் பக்கத்திலும் அந்த முகப் பலகை ஒன்று வந்தது. துடைக்கும்போது பொத்தானில் படாமல் ஓரத்தை மட்டும் துடைக்கப் பழகியிருந்தேன். மருந்து முடிந்து, ஒரு நாள் முழுக்க இருமாமல் மாடிப்படியெல்லாம் துடைத்துவிட்டு இறங்கியபோது, யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, துடைக்கிற சாக்கில் சிரிக்கிற முகத்தை அழுத்தினேன். ஒரு தடவைதான்.

இப்போது வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன். ஆடிக் காற்றுக்கு இன்னும் ஈரத்துணிதான் கட்டுகிறேன். மேடு அங்கேயேதானே இருக்கிறது. ஆனால் காற்று அடங்கியதும் அவிழ்த்துத் துவைத்து வெயிலில் போட்டுவிட்டு, ஜன்னலை விரியத் திறந்து வைக்கிறேன்.

எழுதியதில் பிசகு இருக்கும். பெட்டி விளக்கில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் வேறு நிறம் உண்டா, நாம் விடும் மூச்சில் இருக்கும் அந்தக் காற்றுக்கு என்ன பெயர், தகட்டடியில் வைத்த தட்டை என்னவென்று சொல்வார்கள், எதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பெண் சொன்னதில் பாதியை நான் மறந்தும் இருப்பேன். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை படித்துப் பார்த்து, தப்பாக இருப்பதைத் திருத்திக் கொடுங்கள். என் நெஞ்சைப் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார். இதை மட்டும்தான் இன்னும் யாரும் பார்க்கவில்லை.